இரண்டாவது பலகை

நான்கு வருடங்களுக்கு முன்பு, சித்திரை பிறந்து இரண்டொரு நாள் ஆகியிருந்த சமயம். காமயகவுண்டன்பட்டியில் குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வண்டிதான், அதே டிரைவர்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் வண்டியும் மாறியது, ஓட்டுகிறவனும் மாறினான். இந்தக் கதையை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் என் குரல் தானாக உயர்ந்துவிடும். எழுத்தில் கத்த முடியாது என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

திராட்சை பறிக்கும் பெண்களைக் காலையில் ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போய், சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத்தில் இறக்குவது என் வேலை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுங்கள். வண்டியின் பின்பக்கம், இடது ஓரமாக ஒரு நீளப் பலகையைப் போல்ட் போட்டு மாட்டியிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் அதில் உட்காருவார்கள். காலனியிலிருந்து வரும் ஆறு பேர் கீழே வெறும் தகரத்தில் உட்காருவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டி முதலில் காலனிக்குத்தான் போகும். ஏறும்போது பலகை முழுக்கக் காலியாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்த் தகரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததால் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் காலனியில், சட்டம் எழுதிய தலைவரின் பிறந்தநாள் விழா. மைக் செட்டை என் வண்டியில்தான் கொண்டுபோனேன். இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வடையும் டீயும் வரும் என்று தெரிந்ததால் நின்றுவிட்டேன். சின்னமனூரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா பேசினார். நம் தலைவரைப் பற்றி ஆரம்பித்தவர், அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே ஓர் ஊரில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டுமாம். ஒரு பெண், வெள்ளைக்காரர் ஒருவருக்கு எழுந்து இடம் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த மக்கள் யாருமே பஸ்ஸில் ஏறாமல், ஒரு வருடத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்களாம். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஓர் இளம் பாதிரியார். அவர் வீட்டில் குண்டு வீசியபோதுகூட, யாரும் திருப்பி அடிக்கக் கூடாது என்று தன் ஆட்களைத் தடுத்தாராம்.

அந்தப் பாதிரியாரின் பெயர் அன்றைக்கு என் வாயில் நுழையவில்லை. “பாவம், எம்புட்டுத் தூரம் நடந்தாகளோ” என்று பக்கத்தில் நின்றவரிடம் உச்சுக்கொட்டிவிட்டு மூன்றாவது வடையை எடுத்தேன்.

மறுநாள் காலை காலனியில் வண்டியை நிறுத்தினேன். ஆறு பேரும் கையில் தூக்குவாளியும் கத்தரியுமாகத் தயாராக நின்றார்கள். யாரும் ஏறவில்லை. அவர்களில் எப்போதும் முன்னால் நிற்கும் பெண் ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்.

“நீங்க போங்கண்ணே. நாங்க நடந்து வாரோம்.”

“ஏன், வண்டிக்கு என்ன கொறச்சல்?”

“வண்டிக்கு ஒரு கொறச்சலும் இல்லண்ணே. பலகையில எங்களுக்கும் எடம் இருந்தா ஏறிக்கிறோம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு கூட்டத்தக் கேட்டதும் அமெரிக்காவுக்கே கெளம்பிட்டீகளா?” என்றேன்.

“இல்லண்ணே, சுருளிப்பட்டிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அவர் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும்.

அன்று அவர்கள் தோட்டத்துக்கு வந்து சேர கால் மணி நேரம் தாமதம். தோட்டத்துச் சொந்தக்காரர் குதித்தார். பழம் பறித்து லாரியில் ஏற்றுகிற வரைக்கும் அவர் நெருப்பின் மேல் நிற்கிற மாதிரிதான் இருப்பார். “இன்னொரு நாள் லேட்டா வந்தாகன்னா வேற ஊர்லருந்து ஆளு கூட்டியாந்துருவேன்” என்று கடைசியாகச் சொல்லிவிட்டார். அந்த ஆறு பேருக்கும் வேறு வேலை கிடையாது. ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஒளிப்பானேன்.

மறுநாள் நான் தோட்டத்துக்குப் போனால், ஆறு பேரும் எனக்கு முன்னால் பந்தலுக்கடியில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து வருகிறவர்களில் முட்டிவலிக்கார அக்கா ஒருவர் உண்டு. இறங்கும்போதே என்னைச் சீண்டினார். “ஏலே, ஒன் வண்டிய விட அவுக காலு வேகமால்ல இருக்கு!” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் விடியும் முன்பே கோடை மழை கொட்டித் தீர்த்திருந்தது. மழை விடும்வரை அவர்களும் கிளம்ப முடியவில்லைபோலிருக்கிறது. வாய்க்கால் கரைப் பாதையில் ஆறு பேரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதை நெடுகிலும் சேற்றுத் தண்ணீர். மெதுவாகப் போயிருக்கலாம். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சேறு அவர்கள் தோள் வரைக்கும் தெறித்தது. கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சிரித்து முடிக்கவில்லை, பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேரும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. பின்னால் திரும்பினால், அந்த ஆறு பேர் சொட்டச் சொட்டச் சேற்றோடு என்னை நோக்கி வருகிறார்கள். இன்றைக்கு எனக்கு அடி நிச்சயம் என்று கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அடித்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

முன்னால் வந்த அந்தப் பெண் தூக்குவாளியைக் கரையில் வைத்தார். “ஸ்டியரிங்க நேரா புடிங்கண்ணே” என்றார். பிறகு எல்லாரும் சேர்ந்து கை வைத்தார்கள். ஒரு தரம், இரண்டு தரம். சக்கரம் சுற்றி இன்னும் கொஞ்சம் சேற்றை அவர்கள் மேலேயே அடித்தது. மூன்றாம் தரம் வண்டி துள்ளி மேலே வந்தது.

“நேரமாயிருச்சு, வண்டியில ஏறுங்க” என்றேன்.

“பலகையிலயா தகரத்துலயாண்ணே?”

நான் கியரைத் தடவினேன். அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். வேலையே போய்விடும் என்று தெரிந்த நாளில், என் வண்டிக்காகத்தான் அந்த நேரத்தை அவர்கள் செலவழித்தார்கள். அது எனக்கு அங்கேயே உறைத்தது. அவர்கள் பின்னால் ஊர்ந்துகொண்டே போனேன். முந்திப் போக மனசு வரவில்லை.

தோட்ட வாசலில் தோட்டக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சேற்றுச் சேலைகளைப் பார்த்துவிட்டு, “என்ன கோலம் இது? எங்கன விழுந்து எந்திரிச்சு வாரீக?” என்று கத்தினார். ஆறு பேரில் ஒருவர்கூட என்னைக் கை காட்டவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தாண்ணே அடிச்சேன், வேணும்னுதான். அப்புறம் என் வண்டி பொதஞ்சுருச்சு. அவுக தள்ளலேன்னா இன்னைக்கு உங்க தோட்டத்துக்கு ஒரு ஆளு வந்திருக்காது” என்றேன். என் காது சூடாகிவிட்டது. முட்டிவலி அக்காவும், “நெசந்தான். அவுகள நிப்பாட்டுனா நாங்களும் இப்படியே திரும்பிருவோம்” என்றார். தோட்டக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போங்க, போய்ப் பழத்தப் பறிங்க” என்று முனகினார்.

அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்துப் பலகையைக் கழற்றினேன். துருப்பிடித்த போல்ட், உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. பெரிய தியாகி நான் என்ற நினைப்பு. மறுநாள் காலை காலனியில் வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“பலகை எங்கண்ணே?”

“கழட்டிட்டேன்ல! இனிமே எல்லாரும் ஒண்ணு. எல்லாரும் தகரத்துலதான்.”

அந்தப் பெண்ணின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. “இதுக்காண்ணே நாங்க நடந்தோம்? எங்களையும் ஒக்கார வைங்கன்னுதான கேட்டோம். அவுகளக் கீழ எறக்குங்கன்னு கேக்கலையே. அந்தக்காவுக்கு முட்டி மடங்காது. தகரத்துல எப்படி ஒக்காருவாக?”

அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. தன்னைத் தாண்டிப் பலகையில் உட்கார்ந்தவரின் முட்டியை இவர் இத்தனை நாளாகக் கவனித்திருக்கிறார். அதே தெருவில் இருக்கும் எனக்கு அது தோன்றவில்லை. அன்றும் அவர்கள் நடந்தார்கள். எங்கள் தெருப் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு நான் நேராக ஆசாரியிடம் ஓடினேன்.

ஐந்தாம் நாள் வண்டியில் இரண்டு பலகை. இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. புதியது காலனிக்காரர்களுக்கு என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏறினவுடனே, “இங்கன மூணு பேரு, அங்கன மூணு பேரு” என்று பிரித்து உட்கார வைத்துவிட்டார். தான் பழைய பலகையின் நடுவில் உட்கார்ந்தார்.

எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தினேன். ஐந்து பேரும் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஏறவில்லை. ஒருவர், “நான் டவுன் பஸ்ஸுல வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நான் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். அணைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஏனோ ஒரு பயம்.

முட்டிவலி அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். பழைய பலகையிலிருந்து ஒரு கை நீண்டது. அதைப் பிடித்து ஏறி, “செத்த நகந்து ஒக்காரு தாயி, நான் கொஞ்சம் அகலம்” என்று சொல்லி அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வண்டி முழுக்கச் சிரிப்பு. மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். நான் சுருளிப்பட்டி வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். வழியில் பார்த்தவர்கள் கல்யாண வண்டி என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. இதை என் வீட்டில் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

டவுன் பஸ்ஸில் போனவர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். என்னிடம் மட்டும் இன்றும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் காலனி விழாவுக்கு மைக் செட்டை நான்தான் கொண்டுபோகிறேன். அந்தப் பாதிரியாரின் பெயரும் இப்போது வாயில் நுழைந்துவிட்டது. சேற்றை அடித்தவனின் வண்டியையே தள்ளிவிட்டுப் போன அந்தக் கைகளை நினைக்கும்போதெல்லாம், திருப்பி அடிக்காமலே ஒருவனைத் தோற்கடிக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி என்று சொல்லிக்கொள்வேன். அப்படித் தோற்றுப்போனதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான்.