ஆரம்பாக்கம் வரை வளர்ந்த நெற்றிமுடி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பழைய இரும்புக் கடையைத் தாண்டினால் பச்சைத் திரை தொங்கும் ஒரு வாசல் வரும். ரமீஸா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் பியூட்டி பார்லர் அதுதான். பெண்களுக்கு மட்டும். ஒரு சுழல் நாற்காலி, சுவரளவு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவே இடம். சாயங்காலம் ஷிப்டு விட்டால் அந்தப் பெஞ்சில் ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முடி வெட்ட வந்தவர் ஒருவர் என்றால், ஊர் வம்பு கேட்க வந்தவர்கள் ஐந்து பேர்.

ரமீஸா பழவேற்காட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவன் சஹாபுதீன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாய் ஓயாத, சிரிப்பு ஓயாத பொம்பிளை என்று சந்தில் அவளுக்குப் பெயர். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. ஊரார் தலையையெல்லாம் அழகு பண்ணுகிறவளுக்குத் தன் தலை மட்டும் அமையவில்லை. முடி இல்லாமல் இல்லை. இருந்ததெல்லாம் சிலந்தி நூல். சீப்பு பட்டால் முறியும், பின்னினால் எலிவால். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பார்த்து அலுத்த தலை அது.

போன ஆடியில் ஒருநாள், கடை காலியாக இருந்த நேரத்தில், ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்துத் தன் முன்முடியைப் புருவத்துக்கு நேராக வெட்டிக்கொண்டாள். ஸ்ட்ரெய்ட்னர் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியில் முடி அடர்த்தியாகத் தெரிந்தது. முகத்தில் ஐந்து வயது குறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் முதலில் உள்ளே வந்தவள் ஷைனி. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து, மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். ரமீஸாவைவிடப் பத்து வயது சின்னவள். அப்பா யேசுதாஸ் முன்பு நாற்று நட்ட கழனிக்கு எதிரிலேயே இப்போது வேறொரு கம்பெனியில் காவலுக்கு நிற்கிறார். ஷைனிக்கும் ரமீஸாவுக்கும் ஒட்டுதல் ஏற்படக் காரணமே முடிதான். இரண்டு பேருக்கும் அதே சிலந்தி நூல்.

"யக்கா! இன்னாக்கா இது? சினிமாக்காரி மாறி கீற!" என்று அலறினாள் ஷைனி. "எனுக்கும் வெட்டு. இப்பவே வெட்டு."

வெட்டினாள். மறுநாள் ஷைனியைப் பார்த்து அவள் லைனில் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர். ஆவணி முடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் புருவத்துக்கு நேராக முடி வைத்திருந்தார்கள். ரமீஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்ட்ரெய்ட்னர் காலையில் சூடானால் ராத்திரி வரை ஆறவே ஆறாது.

பூரிப்பு ஐப்பசி வரைக்கும்தான் தாங்கியது.

ஷைனியின் கம்பெனியில் தூசியே படக்கூடாத ஒரு ஹால் உண்டு. தலை முழுக்கக் குல்லா போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்ய வேண்டிய இடம். ஏசி குளிர், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அந்த ஹாலுக்கு ஷைனி தேர்வாகியிருந்தாள். அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட இடம். அந்த நேரம் பார்த்து லைன் லீடர் கிரேஸ் ஒரு உத்தரவைப் படித்தாள்: குல்லாவுக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும் ஹாலுக்குள் போகக்கூடாது. ஹேர்பின், க்ளிப் எதுவும் உள்ளே எடுத்துப் போகவும் கூடாது.

கிரேஸ் கறார் பேர்வழி. கதவருகே நிற்பாள், ஒவ்வொருத்தர் நெற்றியாகப் பார்ப்பாள். மற்றவர்களுடைய முடி முரட்டு முடி, தண்ணீர் தொட்டு உள்ளே தள்ளினால் அடங்கியது. ஷைனியின் முடி எத்தனை தடவை தள்ளினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"நீ பேக்கிங் போ," என்றாள் கிரேஸ். "முடி அடங்குன அன்னிக்கி இந்தப் பக்கம் வா. உன் சீட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பேக்கிங் என்றால் தகரக் கூரை, வேர்வை, அட்டைப்பெட்டி. ஷைனி அன்றைக்கு நேராகப் பார்லருக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்து அழுதாள்.

"யக்கா, பேஜாரா பூட்ச்சிக்கா. நீ இன்னா பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, இது சீக்கிரம் வளந்தாவணும்."

"வெட்றதுதாண்டி என் வேல. வளக்கறது அல்லா வேல," என்று சிரித்தாள் ரமீஸா. ஆனால் மனசு உறுத்தியது. வெட்டிவிட்டது தன் கைதானே? அதோடு இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். துப்பட்டாவை ஏற்றிக் காட்டினாள். தினமும் சூடு பட்டதில் அவளுடைய நெற்றிமுடியும் ஓரங்களில் முறிந்து, துடைப்பம் போலத் துருத்திக்கொண்டு நின்றது.

ஷைனி அழுகையை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள். "ஐய... உன்துமா?"

"என்துந்தான். அதனால ஒரு பந்தயம் வெப்போம். ரெண்டு பேரும் வளப்போம். யாருது மொதல்ல காதுக்குப் பின்னால க்ளிப் இல்லாம நிக்குதோ அவ கெலிச்சா. தோத்தவ உங்க லைனுக்கே பிரியாணி போடணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஷைனி எழுந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். தினமும் போகிற ரயிலின் ஸ்டேஷன்களை எண்ணுவது போல விரலால் புருவத்தைத் தொட்டாள். "இது கும்மிடிப்பூண்டி." மூக்கு நுனியைத் தொட்டாள். "இது எளாவூரு. ஒதடு வந்துட்ச்சின்னா ஆரம்பாக்கம், அப்ப காதுக்குப் பின்னால நிக்கும். எங்க ஊருக்கா! அங்க நான்தான் மொதல்ல போய்ச் சேருவேன், பாத்துக்கினே இரு."

அன்றிலிருந்து அந்தச் சந்தில் இதே பேச்சு. காய்கறிக்காரம்மாகூட ரமீஸாவைப் பார்த்தால் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்க ஆரம்பித்தாள். சஹாபுதீன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "நான் ஷைனி கட்சி," என்றான்.

"ஏங்க, பொண்டாட்டி நான் இருக்கேன்!"

"நீ ஸ்ட்ரெய்ட்னர உடமாட்ட ரமீ. உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

ரமீஸாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே சட்டம் போட்டாள். சூடு கிடையாது. ஈர முடியில் சீப்பு கிடையாது, விரலால் கோதிவிட வேண்டியது. ரப்பர் பேண்டு கூடவே கூடாது. பேக்கிங்கிலும் போட வேண்டிய குல்லாவின் எலாஸ்டிக் அழுத்துகிற இடத்தில்தான் ஷைனியின் முடி முறிகிறது என்று பார்த்துவிட்டு, வீட்டில் கிடந்த வழுவழுப்பான லைனிங் துணியில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டி மேலே குல்லா போட வேண்டும். ஷைனி அதைக் கிரேஸிடம் காட்டிக் கேட்டாள். கிரேஸ் துணியைத் தேய்த்துப் பார்த்தாள், நூல் உதிர்கிறதா என்று உதறிப் பார்த்தாள், சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்கழியில் முதல் சண்டை வந்தது. நுனி பிளந்திருக்கிறது, நூலளவு வெட்ட வேண்டும் என்றாள் ரமீஸா.

ஷைனி இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். "ஆங்... ஏமாத்தறியாக்கா? வளக்கச் சொன்னா வெட்றேன்ற?"

"நுனி பொளந்தா மேல ஏறிக்கினே போவும்டி. பாதியில முறிஞ்சிடும்."

"கெலிக்கறதுக்குச் சொல்ற. நான் தரமாட்டேன்!"

ரமீஸா கத்தரியைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைப் பார்த்துத் தன் முடியில் மட்டும் நூலளவு வெட்டிக்கொண்டாள். பெஞ்சில் எல்லாரும் "ஐயோ, அக்கா பின்னால பூட்டா!" என்று கூவினார்கள்.

பொங்கல் வந்தது. ஷைனியின் முடி மூக்கு நுனியில் அப்படியே நின்றது. மேலே வளர்ந்ததெல்லாம் கீழே உதிர்ந்தது. தலையணையில், குல்லாவில், சட்டைத் தோளில் எங்கு பார்த்தாலும் துண்டு துண்டாக முடி. ரமீஸாவின் முடியோ எளாவூரைத் தாண்டிவிட்டது. ஒருநாள் ஷைனி தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வெட்டுக்கா. ஆனா கொஞ்சமா."

"கொஞ்சந்தான்டி. கண்ணத் தொற."

"மாட்டேன்."

வெட்டியது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் ஷைனியின் முடி நகர ஆரம்பித்தது. மாசிக்குள் அது ரமீஸாவின் முடியை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. பந்தயம் சூடுபிடித்தது. ஷைனி ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டாள், காற்று சிக்குப் போடுமாம். ரமீஸா துப்பட்டாவுக்கு இறுக்கிப் பின் குத்துவதை விட்டாள்.

பிறகு ரம்ஜான் வந்தது. ரமீஸா பெருநாளுக்குப் பழவேற்காட்டுக்குப் போனாள். தாய் வீடு நிறையப் பெண்கள். அண்ணிமார், சித்தி பெண்கள், எல்லாரும் புதுத்துணியில் மினுமினுத்தார்கள். உள்ளறையில் போட்டோ எடுக்கலாம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ரமீஸா கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றிமுடி எங்கும் சேராமல் அரைகுறையாகக் கன்னத்தில் தொங்கியது. பக்கத்து மேஜையில் யாருடையதோ ஒரு ஸ்ட்ரெய்ட்னர், விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை, என்று நினைத்தாள்.

தலைக்குக் குளித்த ஈரம் அடியில் கொஞ்சம் இருந்ததை மறந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சொல்லித் தந்தவள் மறந்துவிட்டாள். 'சுர்ர்' என்று ஒரு சத்தம். தீய்ந்த வாடை. கையை எடுத்தால், முடி கையோடு வந்தது. வலப்பக்கம் ஒரு கொத்து, புருவத்துக்கு மேலேயே முறிந்திருந்தது.

போட்டோவில் ரமீஸா துப்பட்டாவைக் கண் வரை இழுத்து விட்டிருந்தாள். மற்றவர்கள் அதை வெட்கம் என்று நினைத்தார்கள்.

திரும்பி வந்த அன்று பார்லரில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஷைனி ஓடிவந்து, "யக்கா, எந்த ஸ்டேஷன்? காட்டு, காட்டு!" என்றாள். ரமீஸா மெல்லத் துப்பட்டாவை ஏற்றினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடப்பக்கம் உதட்டைத் தொடுகிற முடி, வலப்பக்கம் புருவத்துக்கு மேல் ஒரு கட்டை.

"ஸ்ட்ரெய்ட்னரா?" என்றாள் ஷைனி.

"ஆமாண்டி. ஈரத்துல."

முதலில் சிரித்தது ரமீஸாதான். அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஷைனிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து சஹாபுதீன், "நான் சொல்லல?" என்று குரல் கொடுத்தான்.

"அக்கா, பந்தயத்த உட்றலாம்," என்றாள் ஷைனி.

"உடறதாவது! பிரியாணி போடாம உடமாட்டேன். ஆனா நீ இன்னும் கெலிக்கலடி. காதுல நின்னாத்தான் கெலிச்ச மாதிரி."

சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்த ஒரு காலைநேரம். ஷைனி கம்பெனி ஓய்வறையில் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தலையை ஆட்டினாள். நின்றது. இன்னும் வேகமாக ஆட்டினாள். நின்றது! பட்டையைக் கட்டிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு ஹால் கதவருகே போய் நின்றாள்.

கிரேஸ் அவள் நெற்றியைப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். "குனி." குனிந்தாள். "நிமிரு. தலைய ஆட்டு." ஆட்டினாள். ஒரு முடி வெளியே வரவில்லை.

கறாரான முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. "உள்ள போ. மூணாவது சீட்டு காலியாத்தான் கீது. யாருக்கும் குடுக்கல."

ஷிப்டு விட்டதும் ஷைனி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வழியில் கிடைத்த ஷேர் ஆட்டோவைப் பிடித்து, சந்து முனையில் குதித்து, இரும்புக் கடைக்காரர் வாய்பிளந்து பார்க்க ஓடினாள். பச்சைத் திரையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். ரமீஸாவின் முன்னால் நின்று, தலையை இடமும் வலமும் ஆட்டினாள், குதித்தாள், சுற்றினாள். முடி காதுக்குப் பின்னால் கும்மென்று உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டியா!" ரமீஸா கையிலிருந்த கத்தரியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "உள்ள உட்டாங்களாடி?"

"உட்டாங்கக்கா! மூணாவது சீட்டு! மைக்ரோஸ்கோப்ல பாத்தா அந்தச் சின்னப் பாகம் ஊடு மாதிரி தெரியிது!"

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. சஹாபுதீன் காலையிலேயே பின்கட்டில் அடுப்பை மூட்டிக் கொடுத்தான். பிரியாணி தேக்சாவைத் தூக்கி வந்து பச்சைத் திரைக்கு வெளியே வைத்து, மூடியைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டு, பெண்களின் கூச்சலுக்குப் பயந்து ஓடியே போனான். பார்லருக்குள் இருபது பேர் எப்படித்தான் அடைந்தார்களோ. ஒருத்தி சுழல் நாற்காலியில், இரண்டு பேர் தரையில் கண்ணாடியில் சாய்ந்து, மற்றவர்கள் வாசற்படி வரை. கிரேஸும் வந்திருந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும், "ரமீஸா, நீ இதுக்காகவே தோத்திருக்கலாம்," என்றாள்.

ரமீஸாவின் முறிந்த கொத்து பக்ரீதுக்குள் மறுபடி கண்ணைத் தாண்டிவிட்டது. ஸ்ட்ரெய்ட்னர் இன்னும் கடையில்தான் இருக்கிறது, கேட்கிற முரட்டு முடிக்காரர்களுக்கு. மெல்லிய முடியோடு யாராவது வந்து "எனுக்கும் நெத்தியில வெட்டுக்கா" என்றால், அவள் கத்தரியை எடுப்பதற்கு முன் தன் துப்பட்டாவைத்தான் ஏற்றிக் காட்டுகிறாள். பார்த்துவிட்டும் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரத்தான் செய்கிறார்கள். ரமீஸா சிரித்துக்கொண்டே துணியைப் போர்த்துகிறாள்.