மெஷின் அக்காவும் அவள் தம்பியும்

கிடங்கில் எல்லாரும் அவளை மெஷின் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மெஷின் வருவதற்கு முன்னால் அவள் லேபிள் ஒட்டுகிறவள். அட்டைப்பெட்டிகள் மூடி வரும் மேசையின் கடைசியில் நின்று நாள் முழுக்க ஒட்டுவாள். நான் பில் போடும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும், அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் இரும்பு ரேக்குகள் தெரியும். ரேக் முழுக்கத் துணிப் பெட்டிகள்.

அப்போதெல்லாம் சரக்கு எண்ணுவது ஒரு போர். கிடங்கை மூடிவிட்டு, ஏணி போட்டு ஏறி, ஒருவர் கத்த ஒருவர் எழுத, சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தொண்டை கட்டிவிடும். கடைசியில் கணக்கும் உதைக்கும். அதற்காகத்தான் அந்த மெஷின்களை வாங்கினார்கள். மேலே கைபேசி மாதிரி ஒரு திரை, கீழே துப்பாக்கிப் பிடி. ஒவ்வொரு பெட்டியிலும் காகிதம் போல மெல்லிய ஒரு சிப். விசையை அழுத்தினால் சுற்றுவட்டத்தில் இருக்கிற சிப் எல்லாம் தன் எண்ணைச் சொல்லிவிடும். பெட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. வந்த அன்றைக்கே அதற்குத் துப்பாக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல ஒரு மூச்சில் எல்லாம் விளக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஒன்று சார்ஜ் ஏறவில்லை, ஒன்று வைஃபையைப் பிடிக்கவில்லை, இன்னொன்று பக்கத்து வரிசைப் பெட்டிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது. மேனேஜர் எதிரில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். நழுவத் தெரியாத லேபிள்காரி தலையில் அது கட்டப்பட்டது.

அவள் அந்த இன்ஜினியருக்குப் போன் மேல் போன் போட்டாள். கொஞ்ச நாளில் அவர் எடுத்ததுமே, "சொல்லுங்கக்கா, இன்னைக்கு எது அழுவுது?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல இவள் பிடித்துக்கொண்டாள். சார்ஜ் ஏற மெஷினைச் செருகி வைக்கும் தாங்கியில் தூசி இருந்தால் காலையில் மெஷின் பிணமாகக் கிடக்கும் என்று துடைத்து வைப்பாள். எல்லா மெஷினும் ஒரே மாதிரி வேலை செய்ய, செட்டிங்ஸ் எல்லாம் அடங்கிய பார்கோடு ஒன்றைச் சுவரில் ஒட்டி, புதிதாக வருவதை முதலில் அதன் முன்னால் காட்டுவாள். சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் பழகினாள். "ஃபுல்லா வச்சா இது தெருவையே கூப்பிட்டு வம்பு பேசும். கொறச்சு வச்சா எதிர்ல நிக்கறவன்கிட்ட மட்டும் பேசும்" என்பாள். மெஷின் விடும் ரேடியோ அலையை இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும், மனித உடம்பும் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் நடுவில் ஒரு ஆள் நின்றால் பின்னாலிருக்கும் சிப் மறைந்துபோகும் என்பதையெல்லாம் எனக்கு அவள்தான் சொன்னாள்.

அடுத்த முறை சரக்கை இரண்டே பேர் எண்ணி முடித்தார்கள். அதற்கப்புறம் தினக்கூலிக்கு வந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருஷக்கணக்காக அவளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தி, டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "உன் துப்பாக்கி சத்தமே போடாம சுட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் மெஷின் அக்கா சாப்பிடவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. வீட்டில் சின்னவன், கிடங்கிலும் அதே பெயர்தான். அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தது இவள். கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஒரு பிள்ளையை வளத்தாச்சே, போதாதா?" என்று சிரிப்பாள். மேனேஜரிடம் சொல்லி அவனுக்கு லோடிங் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் இவளே. கீழ் வீட்டில் இவள், மாடியில் அவனும் அவன் மனைவியும் மகளும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்.

பெட்டிகளுக்குப் பிறகு ஆட்களின் முறை வந்தது. எல்லாருக்கும் பழைய ஆரஞ்சுக் கோட்டுக்குப் பதில் அதே நிறத்தில் புதியது, காலருக்குப் பின்னால் உள்ளே தைத்த சிப். பாதுகாப்புக்காக என்றார் மேனேஜர். யாரும் நம்பவில்லை. யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள், யார் கழிப்பறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்தக் கோட்டு யாருடையது என்று மெஷினில் ஏற்றும் வேலை அவளுக்கு வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் சின்னவன் ஆரம்பித்தான்.

"நாளைக்கு என்னையும் அட்டைப்பெட்டியில போட்டு லேபிள் ஒட்டுவியாக்கா?"

"சும்மா இருடா. மேலேருந்து சொல்றாங்க. நான் என்ன செய்ய?"

"மாட்டேன்னு சொல்லு."

"சொன்னா நான் வீட்ல உக்காந்திருப்பேன். வேற ஒருத்தி செய்வா."

"செய்யட்டும். என் அக்கா செஞ்சான்னு இருக்கக் கூடாது."

"சாப்பிடும்போது எதுக்கு இந்தப் பேச்சு?" என்றாள் அவன் மனைவி. அவன் பாதியில் எழுந்து கை கழுவினான்.

சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் இவள் மெஷினும் கையுமாக வரிசைக்குள் நுழைந்தபோது, அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சுட்டுடாதீங்க மேடம், சரண்டர்!" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தாள்.

மூன்றாவது வரிசை ரேக்கின் கால் ஒன்று வளைந்திருந்தது. பெட்டிகளை ஏற்றி இறக்கும் தூக்குவண்டி எப்போதோ இடித்தது. அதை எல்லாரும் பார்த்திருந்தோம், ஆளுக்கு ஒரு தடவை மேனேஜரிடம் சொல்லியும் இருந்தோம். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாள் போனது.

சாப்பாட்டு நேரம் முடிந்து வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் அடுத்த ரேக்கையும் தள்ளிக்கொண்டு போனது. என் கண்ணாடி அறை அதிர்ந்தது. வெளியே ஓடி வந்தால் புகை போலத் தூசி, கிழிந்த பெட்டிகள், முறுக்கிக்கொண்டு நிற்கும் இரும்பு. பெயர் சொல்லிக் கத்திப் பார்த்தோம். மூன்று பேரைக் காணவில்லை. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெரியம்மா, மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் லோடர், சின்னவன்.

தீயணைப்பு வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. சின்னவன் மூன்றாவது வரிசையின் கோடிக்குப் போனதைப் பார்த்ததாகத் தூக்குவண்டி ஓட்டுகிறவர் சொல்ல, சிலர் அங்கே பெட்டிகளைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மெஷின் அக்கா வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. மெஷினின் சக்தியை முழுசாக ஏற்றினாள். குவியலில் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் என்பதால், ஒரே ஒரு கோட்டின் எண்ணை மட்டும் தேடும்படி வைத்தாள். கிட்டப் போகப் போகச் சத்தம் வேகமாகும், திரையில் பட்டை உயரும்.

முதலில் பெரியம்மா கிடைத்தாள். "இங்க! இந்த மூட்டைக்குக் கீழ!" என்றாள் அக்கா. இழுத்துப் போட்டதும் கால் தெரிந்தது, பிறகு முனகல் கேட்டது. கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அடுத்தது மொட்டை. இரும்புக்கு நடுவே சத்தம் அங்கேயும் இங்கேயுமாகத் துள்ளியது. அவள் குனிந்து, மெஷினைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு இடத்தைக் காட்டினாள். அவனையும் மூச்சோடு எடுத்தோம். மேனேஜர் அவள் தோளில் தட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னவனின் எண்ணைப் போட்டாள். சத்தம் இல்லை. குவியலைச் சுற்றி வந்தாள். மேலே ஏறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மூன்றாவது வரிசையின் கோடியில் பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பியபோது ஒரே ஒரு கீச். ஒரு அடி வைத்தாள். இன்னொரு கீச். கதவை நோக்கிப் போகப் போகச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"அவன் உள்ள இல்ல! வெளிய இருக்கான்! அய்யோ, வெளிய இருக்கான்!" என்று கத்தினாள். அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமான குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் அவளிடம் கேட்டதில்லை. தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். பாதிப் பேர் காயம்பட்டவர்களைத் தூக்கப் போனார்கள், மீதிப் பேர் அவள் பின்னால் ஓடினோம்.

நடைபாதையைத் தாண்டினால் உடை மாற்றும் அறை. உள்ளே நுழைந்ததும் மெஷின் விடாமல் அலறியது. அறையில் ஆள் இல்லை. கொக்கியில் ஒரு ஆரஞ்சுக் கோட்டு தொங்கியது. புத்தம் புதியது, மடிப்புகூடக் கலையவில்லை.

தூக்குவண்டிக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "அக்கா... அவன் இதப் போடறதே இல்லக்கா. வரும்போது பழசத்தான் போட்டுட்டு வருவான். உனக்குத் தெரியும்னு நெனச்சோம்."

அவள் மெஷினைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மூன்றாவது வரிசையின் கோடியில் விழுந்து நகம் பெயரப் பெயரத் தோண்டினாள். நாங்களும் தோண்டினோம். தோண்டுவதை விட்டுவிட்டுப் போன இடத்துக்குக் கொஞ்சம் உள்ளேதான் இருந்தான். மல்லாந்து கிடந்தான், மார்பின் குறுக்கே இரும்பு. உடம்பில் சூடு இருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் எழுந்துகொண்டார்.

இடையில் போன நேரம் அவன் உயிரை எடுத்ததா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். நிர்வாகத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது: கொடுத்த கோட்டை அவர் அணியவில்லை. ரேக்கின் காலைப் பற்றி அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், மெஷின் கம்பெனியிலிருந்து போட்டோ எடுக்க வந்தார்கள். இரண்டு உயிரைக் காப்பாற்றிய மெஷின் என்று விளம்பரம் போட வேண்டுமாம். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் ஊன்றுகோலுடன் பெரியம்மா, நடுவில் இவள் என்று நிற்கச் சொன்னார்கள்.

"மூணாவது ஆளு எங்க நிக்கணும்?" என்று கேட்டாள்.

கேமராக்காரனுக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவளைக் கேட்டவள் தம்பியின் மனைவி. ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருந்ததை எல்லாம் கேட்டு வைத்திருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து, "அண்ணி, தோண்டறத நிறுத்தினாங்களாமே. யாரு நிறுத்தச் சொன்னது?" என்றாள்.

"நான்தான்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. ரொம்ப இல்ல. ஆனா தெரியல."

அவள் எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மாடியில் தனி அடுப்பு எரிந்தது. குழந்தை மட்டும் கீழே வந்து எட்டிப் பார்க்கும், அம்மாவின் குரல் கேட்டதும் ஓடிவிடும். அத்தை அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்ட எனக்கு என்ன உரிமை இருக்கு என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் தம்பி மனைவி தானாகவே இறங்கி வந்தாள். வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாளாம்: "அவர் புதுக் கோட்டப் போடறதில்லன்னு எனக்குத் தெரியும் அண்ணி. பழசத் துவைச்சுக் காயவச்சுக் குடுத்ததே நான்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். சொல்லல." அப்புறம், "உங்க மேல பழியப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். முடியல" என்றாள்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மெஷின் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள், மற்றவள் வெங்காயம் உரித்தாள். மறுநாளிலிருந்து மறுபடியும் ஒரே சமையல் ஆயிற்று. அந்தப் பேச்சை இருவரும் திரும்ப எடுக்கவில்லை.

அவள் இன்னும் அதே கிடங்கில்தான் இருக்கிறாள். வேறு வேலை கேட்டுப் பார்த்தாள், இதைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். ரேக்குகளை மாற்றிவிட்டார்கள், மெஷின்களும் புதிய மாடல். தேடும் வேலை வந்தால் மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அந்தக் கீச் சத்தம் வேகமாகிற இடத்தில் அவளால் நிற்க முடிவதில்லை.

மொட்டை வேலையை விட்டுவிட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் அவள் வீட்டுக்கு வருவான். தின்பண்டப் பொட்டலம் ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நாற்காலி ஓரத்தில் உட்காருவான். அவனுக்குப் பேசத் தெரியாது. அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அவன், "வரேன்க்கா" என்று எழுந்துகொள்வான். "சாப்பிட்டுட்டுப் போ" என்பாள் அவள், ஒவ்வொரு தடவையும். அவன் இன்னும் ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை.