கண்ணுக்குள் கேட்ட சத்தம்

"டப்புன்னு ஒரு சத்தம். உனக்குக் கேட்டுச்சா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் அவருடைய வலது கண்ணுக்குள் கேட்டிருக்கிறது. விழித்திரை வெந்தால் அப்படிக் கேட்பதுண்டு என்று பிறகு கண் டாக்டர் சொன்னார்.

கடல் தாண்டி மெயின்லேண்டில் ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம், நான் இன்னொரு தீவில் ஹட் பே. தீவுக்காரர் என்பதாலேயே அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். எங்கள் லேசரின் ஒளி துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு வினாடியைக் கோடி கோடித் துண்டாக நறுக்கினால், அதில் இரண்டு மூன்று துண்டு நேரம்தான் ஒரு துடிப்பு. அதற்குள் நாட்டின் மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்து தருவதைவிட அதிகத் திறன் இருக்கும். போதாததற்கு, அது கண்ணுக்கும் தெரியாது. இமை மூடித் தப்பிக்கிற கதையெல்லாம் அங்கே நடக்காது. உலோகத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும் என்பதால் மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நானும் கழற்றினேன், ஒன்றைத் தவிர. கப்பல் ஏறும்போது அம்மா போட்டுவிட்ட, மாதா டாலர் கோர்த்த வெள்ளிச் செயின். கழற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். படித்தவள்தான், என்ன செய்ய? சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அன்று ஒளியின் பாதையைச் சரிசெய்துகொண்டிருந்தோம். திறனை வெகுவாகக் குறைத்துத்தான் வைத்திருந்தோம். ஒரு திருகை முடுக்க நான் குனிந்தபோது செயின் வெளியே சரிந்தது. அதே நேரம் அண்ணன் வியர்வை துடைக்கக் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததும், வெட்கங்கெட்டவள், நான் முதலில் செய்தது செயினை உள்ளே தள்ளியதுதான்.

கண்ணாடியைக் கழற்றியது அவர் தவறு என்று அறிக்கை எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. பார்வையின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டோடு அவர் வேலையை விட்டு ஊர் திரும்பினார். விடுமுறைக்குக் கப்பலில் வந்து இறங்கும்போதெல்லாம் அவர் எங்காவது நிற்கிறாரா என்று பார்த்துப் பார்த்து ஒளிந்து நடப்பேன்.

போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவரே போன் செய்து சாத்தம் ஜெட்டிக்கு வரச் சொன்னார். எதிர்க்கரை பம்பூபிளாட்டுக்குப் போகும் படகுக்குக் காத்திருந்தார்.

"என் மக அதே லேப்ல சேரப்போறா. நீ அங்க இருக்கே. அது போதும், எனக்கு டென்ஷன் இல்ல" என்றார்.

"அண்ணே, அன்னைக்கு என் செயின்ல பட்டுத்தான் உங்க கண்ணுக்கு வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

படகு வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போய்விட்டது. அவர் ஏறவில்லை.

"அவ அம்மாவும் ஒண்ணு போட்டுத்தான் அனுப்புவா" என்றார் கடைசியில். "கழட்டச் சொன்னா கேக்க மாட்டா. தினம் காலையில நீயே கழுத்துல கை வச்சுப் பாரு."

பார்க்கிறேன். "எதுக்கு அத்தை தினம் இப்படி? அப்பாவக் கேட்டா, அத்தைகிட்டயே கேளுங்கிறாரு" என்று கேட்டாள் அவர் மகள் நேற்று.