ஒன்றே அரைக்கால் அங்குலம்

அமெரிக்காவில் பெரிய ஏரியை ஒட்டிய டுலூத் நகரத்தின் மலைச்சரிவுத் தெருவில் குடியிருக்கும் வெர்னா ஹியடலாவுக்குப் பல்செட் செய்வது தொழில். முப்பத்தோரு வருடமாக ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் கறி மெல்லுகிறார்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் எதையும் விடாத பிறவி. பக்கத்து வீட்டு வேலிக்கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்பாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்தாள். கழுத்தில் இரண்டு எலும்பைத் தகடு வைத்து இணைத்துவிட்டார்கள். அதன்பின் கழுத்து திரும்பாது, குனியாது, அண்ணாந்தும் பார்க்காது. கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். சைக்கிளுக்குத் தடையில்லை. ஆனால் அவளுடைய சைக்கிள் தொண்ணூறுகளில் வாங்கியது, ஹேண்டில்பார் ரொம்பத் தாழ்வு. குனிந்து பிடித்தால் முன்சக்கரம் தெரியும், ரோடு தெரியாது.

அதனால் தினமும் காலையில் அக்கா ஆர்லிஸ் காரில் வந்து வேலைக்குக் கூட்டிப்போனாள். ஆர்லிஸுக்கு வாய் ஒருநாளும் வலித்ததில்லை. சர்ச்சில் யார் காப்பியில் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதில் தொடங்கி, "அன்னிக்கே சொன்னேன், அந்த செருப்பப் போட்டுக்கிட்டுப் பனில நடக்காதேன்னு. கேட்டியாடி?" என்பதில் வந்து முடிப்பாள். திரும்பி முறைக்கவும் வெர்னாவுக்குக் கழுத்து இல்லை. சைக்கிள் சரியானால்தான் தனக்கு விடுதலை என்று ஏப்ரலிலேயே முடிவுகட்டிவிட்டாள்.

ஊரில் பழைய சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் சங்கம் ஒன்று உண்டு. அங்கே ராய்ஸ் என்ற ஆள் முக்கியஸ்தர், தாடியிலும் கிரீஸ். ஹேண்டில்பாரை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் ஸ்டெம்மை மாற்றினால் போதும் என்றார். மேல்நோக்கி எழும்பும் புது ஸ்டெம் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

சிக்கல் அங்கேதான். ஃபோர்க்கின் குழாய் ஒரு அங்குலப் பருமன். புது ஸ்டெம்மின் ஓட்டையோ ஒன்றே அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு கூடுதல். அப்படியே மாட்டினால் அப்பன் சட்டையைப் பிள்ளை போட்டதுபோல் தொளதொளக்கும். நடுவில் ஒரு அலுமினிய உறை செருக வேண்டும். அரைக்கால் அங்குல இடைவெளியைச் சுற்றிலும் பங்குபோட்டால் உறையின் கனம் மாகாணி, பதினாறில் ஒரு பங்கு. வெர்னா அதை மனக்கணக்கில் சொன்னபோது ராய்ஸ் ஒரு தரம் தாடியைச் சொறிந்துகொண்டார்.

உறையைச் செருகினார்கள், ஸ்டெம்மை மாட்டினார்கள், மேலே மூடியை வைத்து போல்ட்டை முறுக்கினார்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஆட்டினால் உள்ளே 'டக்' என்றது. மூடியை இறுக்கினால் அது ஸ்டெம்மைக் கீழே அமுக்கி ஆட்டம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அந்த ஊர்ச் சரிவில் அந்த 'டக்'கோடு இறங்கினால் வண்டி ஏரியில் போய்த்தான் நிற்கும்.

"உறைதான் காரணம்," என்றார் ராய்ஸ். "ரெண்டு சைஸுக்கு நடுவுல தகரத்தச் செருகினா இப்படித்தான்."

புதிதாக வீட்டுக்கு வந்தவள்மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மூன்று உறை மாற்றினார்கள். மூன்றையும் வெர்னா வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்தாள்.

"உறைமேல தப்பில்ல ராய்ஸ். மூணும் மயிரிழை பிசகல."

"நீங்க அளந்தா ஆட்டம் நின்னுடுமா? வேற வண்டி பாருங்க வெர்னா. இது பிடிவாதம் பிடிக்குது."

"நான் மட்டும் பிடிக்க மாட்டேனா?"

அந்த வாரம் வேலைக்கூடத்தில் ஒரு கிழவரின் பல்செட் திரும்பி வந்தது. ஒரு பல் உயரமாம், வாய் மூடவில்லையாம். எந்தப் பல் என்று கண்டுபிடிக்க வெர்னா நீலக் காகிதத் துண்டை இடையில் வைத்து அச்சுத் தாடையைக் கடிக்கவைத்தாள். எது முதலில் முட்டுகிறதோ அதில் நீலம் ஒட்டும். ஒட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு காகிதக் கட்டில் பாதியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனாள்.

ஸ்டெம்முக்கும் மூடிக்கும் நடுவில் காகிதத்தை வைத்து போல்ட்டை முறுக்கினாள். மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஸ்டெம்மின் விளிம்பு பட்டு அகலமான நீல வளையம் விழுந்திருக்க வேண்டும். விழுந்திருந்தது உள்ளே ஒரு சின்ன வளையம். அளந்தாள். சரியாக ஒரு அங்குலம்.

"குழாய்," என்றாள். "மூடி ஸ்டெம்ம அமுக்கல ராய்ஸ். குழாய்த் தலைமேல உக்காந்துக்கிட்டிருக்கு. பழைய ஸ்டெம்மவிட இதுல குழாயப் பிடிக்கிற பாகம் உயரம் கம்மி. அதான் குழாய் மேல எட்டிப் பாக்குது."

ராய்ஸ் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். மயிரிழை உயரம், கண்ணுக்குத் தெரியாதது. டப்பாவில் தேடி, காசு கனத்தில் ஒரு வளையத்தை எடுத்து ஸ்டெம்முக்கு அடியில் போட்டார். ஸ்டெம் அந்த அளவு உயர்ந்தது, குழாய் உள்ளே அடங்கியது. மூடியை முறுக்கியதும் 'டக்' போயே போய்விட்டது.

"ஒன்னரை மாசமா அந்த உறையத் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார்.

"அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குங்க."

சனிக்கிழமை வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். முன்னால் தெரு முழுக்கத் தெரிந்தது, அதற்கப்பால் ஏரி தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேரே அக்கா வீட்டு வாசலில் போய் பிரேக் போட்டாள்.

ஆர்லிஸ் சைக்கிளைப் பார்த்தாள். அதிசயமாக ஒன்றும் சொல்லவில்லை. ஏலக்காய் ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள், காப்பி ஊற்றினாள்.

"அப்ப திங்கக்கிழமை நான் வரவேணாம்."

"வேணாங்க்கா. நானே போயிடுவேன்."

ஆர்லிஸ் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் எல்மர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் எல்லாம் தூர தேசம்.

"நல்லதுதான்," என்றாள். "அவர் போனப்புறம் காலைல எழுந்து தலைசீவ எனக்கிருந்த ஒரே வேலை நீதான்டி. அதான்."

வெர்னா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். இத்தனை மாதம் அந்தக் காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இவள் ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்று ஒருநாளாவது கேட்டோமா என்று நினைத்து வெட்கப்பட்டாள். ஜன்னலுக்கு வெளியே வானம் ஒரு மேகமில்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"வெள்ளிக்கிழமை மழையாம்க்கா," என்றாள். "வண்டி எடுத்துக்கிட்டு வா."

ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"ஏழே முக்காலுக்கு வருவேன்," என்றாள். "வாசல்ல நிக்கணும். காக்க வெக்காத."