வெள்ளைக்காரத் தாத்தாவுக்குப் போடாத இலை

பிள்ளைகளே, தீபாவளிக்கு முதல் நாள் படையலை விடியோ காலில் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு ஏன் இலை இல்லை என்று இருவரும் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

என் தாத்தாவின் அப்பா இங்கிலாந்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறைக்கு வந்த பாய்லர் ஃபிட்டர். துரை கிரை இல்லை. கரி பிடித்த கை. இங்கே நம் பூட்டிக்குத் தாலி கட்டினார். தாத்தா கைக்குழந்தையாக இருந்தபோது பாய்லர் வெடித்துச் செத்துப்போனார் என்றுதான் நமக்குக் கதை. அன்றைக்கு அழித்த பொட்டைப் பூட்டி சாகும்வரை வைக்கவில்லை. அவருக்கு ரொட்டி, வெண்ணெய், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் வைத்துத் தாத்தா படைத்தார், பிறகு அப்பா, பிறகு கிள்ளானில் நான்.

மகளே, நீ பணம் கட்டிக்கொடுத்த வம்சாவளி இணையதளத்தில் அவருடைய ஊரைத்தான் தேடினேன். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரை எழுதி மாட்ட ஆசை. ஊர் கிடைத்தது. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் அதே பெயர், அதே தொழில். ஆனால் பாய்லர் வெடித்ததற்குப் பிறகு அங்கே எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் உயிரோடு இருக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு நம் தாத்தாவைவிட வயது அதிகம்.

வேறு யாரோ என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் அந்தக் குடும்பத்தார் போட்டிருந்த ஒரு படம் வந்தது. பேத்தி கல்யாணத்தில் கிழவராக நின்று சிரிக்கிறார். இடது புருவத்தில், நம் வீட்டுப் படத்தில் இருக்கும் அதே தழும்பு. அதற்குப் பக்கத்தில்தான் நான் வருஷா வருஷம் சந்தனம் வைப்பேன்.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் உங்கள் அத்தையிடம் போனை நீட்டினேன். அக்கா கண்ணாடிகூடப் போடவில்லை.

"தெரியும்டா."

"என்னக்கா தெரியும்?"

"ஓடிப்போனது. பட்டறை ஆளு ஒருத்தரு லீவுல போயி இவர அங்க பாத்துட்டு வந்து தாத்தாகிட்ட சொல்லிட்டாரு. தாத்தா அப்பாகிட்ட. அப்பா என்கிட்ட."

"பூட்டிகிட்ட?"

"யாரு சொல்லுவா? அவங்க பாக்கணும்னுதான தாத்தா போத்தல் வெச்சாரு!" சிரித்தாள். "அந்த மனுசன் அங்க நல்லா குடிச்சிட்டுத்தான் இருந்திருப்பாரு லா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"செத்தவனுக்கு இலை போடுவ. ஓடிப்போனவனுக்குப் போடுவியா? அப்பாதான் சொல்லாதன்னாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் யாரோ, அவன் ஓடியதை விட்டுவிடலாம். என் கையைப் பிடித்து இலை போடக் காட்டிய அப்பா, தெரிந்துகொண்டே என்னை விழுந்து கும்பிட வைத்தாரே, அதுதான் ஆறவில்லை. அந்த ஆள் செத்தது பூட்டி போய்ச் சில வருஷம் கழித்து. அதுவும் அந்தத் தளத்தில் இருக்கிறது.

நீங்கள் போனை வைத்த பிறகு குங்குமச் சிமிழைத் திறந்தேன். பூட்டி படத்துக்கு எப்போதும் வெறும் திருநீறுதான். அதற்குக் கீழே, கண்ணாடிமேல், பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.