அபிதகுஜாம்பாள் என்று ஒருமுறை

மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை மூன்று மாதமாக வெறும் பாப்பாவாகவே வளர்ந்துகொண்டிருந்தது. கிரீஷும் ஸ்ரீவித்யாவும் பெயர் தேடாத இடமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வகுப்பில் அதே பெயரில் இன்னொரு குழந்தை இருக்கக்கூடாது என்பது ஸ்ரீவித்யாவின் நிபந்தனை. செல்போனைப் பார்த்துப் பார்த்து இருவரும் பெயர்களைச் சொல்ல, கிரீஷின் அப்பா ராஜாராமன் நாற்காலியில் சாய்ந்தபடி ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். விஹாவுக்கு அர்த்தம் இல்லை. நிதுலா, மருந்துக்கடையில் சீட்டை நீட்டிக் கேட்கிற பெயர் மாதிரி இருந்தது. ஐரா மட்டும் எப்படியோ அவரிடம் தப்பித்தது. மறுநாள் காலை மூன்றாவது மாடிக்காரர் தன் நாயை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினார். அதோடு அதுவும் போயிற்று.

பெயர் வைக்கும் விழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிட்டு, வைக்கப் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே ஸ்ரீவித்யா சொன்னாள்:

“ரோஹிணின்னு வெச்சா என்ன மாமா? இப்பல்லாம் யாரும் வைக்கறதில்ல. தேடிப் பார்த்தேன், எங்க ஆபீஸ்ல ஒருத்திகூட இல்ல. அத்தை பேரும் வந்துடும்.”

கிரீஷ் போனைக் கீழே வைத்துவிட்டான். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவு நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்பதுபோல் மனைவியைப் பார்த்தான். பிறகு இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“அது அவ பேர் இல்லையே” என்றார் ராஜாராமன்.

“ரேஷன் கார்டுல வேற பேர். தெரியும்பா. அது அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க.”

சொல்லியிருந்தார். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருந்தார். பிடிக்காமல் இருந்தது அவளுக்கில்லை, எனக்கு என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “யோசிக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார்.

அவள் பெயர் அபிதகுஜாம்பாள். திருவண்ணாமலை அம்பாளிடம் வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் அவள் அப்பா அந்த அம்பாளின் பெயரையே வைத்தார். வைத்ததோடு நிற்காமல், ஒரு எழுத்தும் குறையாமல் வீதி முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்தபோதே ராஜாராமனுக்குக் கூச்சமாக இருந்தது. அப்போது அவர் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்த புதிது. கூட வேலை செய்தவர்களின் மனைவிமார்களுக்கெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள்.

கல்யாணமாகி முதல் முறை வெளியே போனது திருநீர்மலைக்கு. மலையிறங்கி பஸ்ஸுக்கு நின்றபோது, கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஏகநாதன் எதிரில் வந்துவிட்டார். நலம் விசாரித்துவிட்டு, சிஸ்டர் பேர் என்ன என்று கேட்டார். ராஜாராமன் வாயிலிருந்து ரோஹிணி என்று வந்தது. அன்று காலை தினசரி காலண்டரில் தேதி கிழித்தபோது கண்ணில் பட்ட நட்சத்திரம் அது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அவள் ஏகநாதனைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அவர் போனபிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ரோஹிணி யாரு?”

“நீதான். உன் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடும்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். சிரிப்பதைத் தவிர அந்த இடத்தில் ஒரு புதுப்பெண் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்க அவருக்கு ஆயுளில் பெரும்பகுதி தேவைப்பட்டது.

பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீடு, காய்கறிக்காரர், கிரீஷின் ஆசிரியைகள் என்று எல்லோருக்கும் அவள் ரோஹிணி ஆனாள். அவர் மட்டும் அந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவருக்கு எப்போதும் ‘இந்தா’தான். அவள் அப்பா இறந்தபிறகு அவளுடைய பெயரை உலகத்தில் உரக்கச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

கடைசி வருடத்தில், குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. வரிசையாக நாற்காலிகள். உள்ளேயிருந்து வந்த ஒரு சின்ன நர்ஸ், கையிலிருந்த சீட்டைப் பார்த்துத் தடுமாறாமல் கூப்பிட்டாள். அபிதகுஜாம்பாள். முழங்கால் வலியில் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியவள், யாரும் பிடிக்காமல் எழுந்தாள். நான்தான் என்று சொன்னாள். ஏதோ பரிசுக்குக் கூப்பிட்டதுபோல முகம் விரிந்திருந்தது. திரும்பி வெளியே வந்தபோது, “அந்தப் பொண்ணு எவ்ளோ அழகா கூப்பிட்டா, பாத்தீங்களா? அப்பா போனப்பறம் யாரும் முழுசா கூப்பிட்டதே இல்ல” என்றாள்.

“ஆட்டோ நிக்குது, வா” என்றார் அவர்.

பெரிய கொடுமை என்று எதுவும் அவர் செய்ததில்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, அவள் வைத்த குழம்பைக் குறை சொல்லியதுகூட இல்லை. நல்ல மனுஷன் என்று இரண்டு பக்கத்து உறவும் சொல்லும். ஆனால் ஒரு மனுஷியிடமிருந்து எடுத்ததை அவள் கேட்காததாலேயே திருப்பித் தராமல் இருந்துவிடலாம் என்று ஒரு நல்ல மனுஷனால்தான் இவ்வளவு காலம் நிம்மதியாக நினைத்திருக்க முடியும். அவள் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் ரோஹிணி ராஜாராமன் என்றுதான் இருந்தது. அச்சகத்துக்குப் பெயர் சொன்னது அவர்தான்.

அவர் யோசிக்கலாம் என்றதை வீட்டில் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது பேத்திக்கும் அதே காலண்டர் பெயர்.

விழாவன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு வழக்கமே இடம் தந்தது. தட்டில் பரப்பிய அரிசியில் பெயரை எழுதியதும் குழந்தையின் காதில் முதலில் அப்பா மூன்று முறை சொல்வார். அதன்பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, அதே பெயரையோ தங்களுக்குப் பிடித்த இன்னொரு பெயரையோ சொல்லலாம். தன் முறை வரும்போது எல்லோருக்கும் கேட்கும்படி அபிதகுஜாம்பாள் என்று சொல்வது. ஏன் என்று கேட்டால் திருநீர்மலையிலிருந்து ஆரம்பிப்பது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். ஏகநாதனும் பம்மலிலிருந்து தடியூன்றி வந்திருந்தார். அரிசியில் கிரீஷ் ரோஹிணி என்று எழுதியதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சிஸ்டரை மொதமொதல்ல நீர்மலை அடிவாரத்துலதான் பாத்தேன். பேரு என்னன்னு கேட்டதும் சாருக்கு மூஞ்சியே செவந்துடுச்சு. சொல்றதுக்கே அவ்ளோ வெக்கம்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “பொண்டாட்டி மேல அம்புட்டு ஆசை.”

எல்லோரும் சிரித்தார்கள். கிரீஷ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அம்மாவின் சாவுக்குப் பிறகு இந்த வீட்டில் அவன் இப்படி முகம் மலர்ந்து நின்று ராஜாராமன் பார்த்ததில்லை. குழந்தையின் வலது காதருகே குனிந்து அவன் மூன்று முறை ரோஹிணி என்று சொன்னபோது குரல் உடைந்தது.

“மாமா, நீங்க வாங்க” என்றாள் ஸ்ரீவித்யா.

ராஜாராமன் குனிந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காது ஒரு பூவிதழ் அளவுக்குத்தான் இருந்தது. பின்னால் ஏகநாதன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கை கொண்டு மறைத்து, தனக்கு மட்டுமே கேட்கும் குரலில், அவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். முதல் முறை பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை முழுசாக வந்தது. மூன்றாவது முறை, அவள் அப்பா கூப்பிடுவாரே, அந்த இழுவைகூட லேசாக வந்தது. குழந்தை உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடி தூங்கியது.

நிமிர்ந்தபோது ஸ்ரீவித்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டசைவு நீளமாக இருந்ததைக் கவனித்துவிட்டாள் போலிருந்தது.

“என்ன பேர் சொன்னீங்க மாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் ஒருத்திதான். சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. ராஜாராமன் மகனைப் பார்த்தார். அவன் அரிசித் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“ரோஹிணிதான்” என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். ராஜாராமன் ஒதுங்கி ஜன்னல் பக்கம் நின்றார். சர்க்கரைப் பொங்கலை யாரோ கையில் கொடுத்தார்கள். நெய் நிறைய விட்டிருந்தார்கள். அதைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு முன் தன் வாயிலிருந்து வந்ததை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. அன்றைக்குத் திருநீர்மலையில் எந்த பஸ்ஸும் போயிருக்காது.