ஐந்து கட்டமும் இரண்டு சம்பந்திகளும்

சலவைக் கடையில் எல்லோரும் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வாங்கும் மேஜைக்குப் பின்னால் நின்று, சட்டைப் பைக்குள் கை விட்டுப் பார்த்து, கறை இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் சுழித்து, காலரில் எண் எழுதிய சீட்டைக் குத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் எந்தத் துணியையும் மிஷினில் போட முடியாதே. பட்டு எது, பட்டு மாதிரி எது என்று அந்தத் துண்டு லேபிள்தான் சொல்லும். எழுத்துக் கூட்டிக் கூட்டியே லினன், சாட்டின், டெனிம், ரின்ஸ், ஸ்டீம் என்று நூறு ஆங்கில வார்த்தைகளாவது அவளுக்குப் பழகியிருந்தன. அதை அவள் ஆங்கிலம் என்று நினைத்ததில்லை. வேலை என்றுதான் நினைத்தாள்.

மகளைக் கொடுத்த இடம் நல்ல இடம். மாப்பிள்ளை தங்கமானவர். சம்பந்தியம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குறை என்று ஒன்றும் கிடையாது, பேசத்தான் விஷயம் கிடையாது. மகள் வீட்டில் சந்தித்தால் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று இரண்டு கேள்வி. அதற்குப் பிறகு சோபாவின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர்.

அப்படி ஒருநாள் சம்பந்தியம்மா போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்ததைச் சீட்டக்கா எட்டிப் பார்த்தாள். ஐந்து ஐந்தாகக் கட்டங்கள். தினம் ஒரு ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டுமாம், ஆறு தடவைக்குள். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, வார்த்தையில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். நூற்றுத்தொண்ணூறு நாளாக ஒருநாள்கூடத் தோற்றதில்லை என்று காட்டிவிட்டு, “இது உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம் சம்பந்தி” என்றார். வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

வீட்டுக்குக் கிளம்புமுன் மகளை அடுப்படிக்கு இழுத்துப்போய் அந்த விளையாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள் சீட்டக்கா. முதல் வாரம் முழுக்கத் தோல்வி. பிறகு ஒரு வழி பிடிபட்டது. எப்போதும் முதலில் ஸ்டீம் போடுவாள். எஸ், டீ, இ, ஏ, எம். அதில் எது பச்சை, எது மஞ்சள் என்று பார்த்துவிட்டு, அந்த எழுத்துகள் உள்ள லேபிள்களை மனசுக்குள் புரட்டுவாள். ஒரு மாசத்தில் வாரத்துக்கு நாலு நாள் ஜெயித்தாள். மகள் மாமியாரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். மறுநாளே சம்பந்தியம்மாவிடமிருந்து அன்றைய வண்ணக் கட்டங்கள் போனுக்கு வந்தன. இவளும் தன்னுடையதை அனுப்பினாள். விடை சொல்லக் கூடாது என்று சம்பந்தியம்மா ஒரு சட்டமும் போட்டார். வார்த்தையே இல்லாமல் இருவருக்கும் நடுவே கட்டங்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் பதினொரு மணிக்கு, மேஜை நிறையத் திரைச்சீலை குவிந்து கிடந்த நேரத்தில் சம்பந்தியம்மாவே போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. சீட்டக்கா கையிலிருந்த திரைச்சீலையைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல?”

“அவங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்காங்க. இது வந்து... இன்னைக்கு வார்த்தை.”

அஞ்சு தடவை ஆகிவிட்டதாம். முதல் நாலு எழுத்தும் பச்சையாம். கடைசி எழுத்துதான் அகப்படவில்லையாம். மிச்சம் ஒரே ஒரு தடவை. விட்டால் இருநூற்றுச் சொச்சம் நாளும் போச்சு. சட்டம் போட்டவரே சட்டத்தை மீறுகிறார் என்று சீட்டக்காவுக்குப் புரிந்தது. அவள் அன்று மூன்றாம் தடவையிலேயே முடித்திருந்தாள். கொஞ்சம் கெஞ்சவிடலாமா என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அந்தக் குரலைக் கேட்டதும் மனசு வரவில்லை.

“ட்வீட், சம்பந்தி.”

“அதைத்தானே போட்டேன். குருவி கத்துறது. தப்புன்னு வருதே.”

“குருவியெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்றது துணி. உங்க வீட்டுக்காரர் போன மாசம் வெளுக்கப் போட்டாரே, சொரசொரன்னு ஒரு கோட்டு, அது.”

“ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது. கடைசியில என்ன எழுத்து?”

“டி.”

“டீ தானே போட்டேன்?”

“குடிக்கிற டீ இல்லைங்க. டாக்டருக்கு வர்ற டி.”

அந்தப் பக்கம் போனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. ஐந்தும் பச்சை என்றார். அடுத்த நிமிஷம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் இப்படிச் சிரித்து சீட்டக்கா கேட்டதே இல்லை.

“முப்பது வருஷம் போன்ல எழுத்து சொல்லியே சோறு சாப்பிட்டவ நான். எனக்கே டீயும் டியும் குழம்பிடுச்சு பாருங்க. அன்னைக்கு உங்களுக்குக் கஷ்டம்னு வேற சொன்னேன்.”

“அது எப்பவோ மறந்துபோச்சு சம்பந்தி” என்றாள் சீட்டக்கா. ஒருநாள்கூட மறந்ததில்லை. ஆனால் சொன்ன பிறகு, உண்மையிலேயே மறந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அதிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் போனிலேயே சேர்ந்து ஆடுகிறார்கள். வார்த்தை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பேச்சு முடிவதில்லை. முழங்கால் வலி, வீட்டுக்காரர்களின் குறட்டை, தொலைபேசி நிலையத்தில் நடந்த காதல்கள், சட்டைப் பைகளில் அகப்பட்ட கடிதங்கள் என்று அது பாட்டுக்குப் போகும்.

போன வாரம் மகள் கடைக்கே வந்துவிட்டாள். ரெண்டு அம்மாவுக்கும் போன் போட்டால் ரெண்டு போனும் பிஸி, அப்படி என்னதான் பேசிக்கொள்கிறீர்கள் என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். மாப்பிள்ளை பத்து வயது வரைக்கும் இருட்டுக்குப் பயந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிய கதை சீட்டக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. சம்பந்தியை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று விழுங்கிவிட்டாள்.